கம்ப்ரசரின் மனைவி

எங்கள் திருகாணித் தொழிற்சாலையில் என்னைக் கண்டதும் ஆட்கள் கழிவறைக்குள் போய் ஒளிந்துகொண்ட காலம் ஒன்று உண்டு. நான் வட்டிக்காரியும் அல்ல, போலீசும் அல்ல. பொது நிர்வாகப் பிரிவு லியாவ் யுயே-தாவ். ஊழியர் நலனைப் பேணுவதுதான் என் வேலை.

எல்லாம் முதலாளி வெங் செய்த வேலை. எங்கள் ஊர் கங்ஷானுக்கு வந்து எங்கள் திருகாணிகளைப் பார்த்துப்போன வெளிநாட்டு வியாபாரிகள், ஊழியர் உடல்நலத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவைத்தார்கள். மாதாமாதம் வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்துப் பேசவைக்கிறோம் என்று அவர் கண் சிமிட்டாமல் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"யுயே-தாவ், மாசம் ஒருத்தரக் கூப்பிட்டுப் பேச வை. ஆனா மெஷின் மட்டும் நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"அப்புறம் எப்போ முதலாளி பேசறது?"

"மத்தியானம் எல்லாரும் சும்மாதானே கிடக்கறீங்க?"

சும்மா கிடப்பது என்று அவர் சொன்னது எங்கள் மதியத் தூக்கத்தை. சாப்பிட்டு முடித்து, விளக்கை அணைத்து, மேசைமேல் குட்டித் தலையணையைப் போட்டுக் கவிழ்ந்துவிடுவது இங்கே பிறப்புரிமை. ஒன்றாம் வகுப்பிலேயே டீச்சர் அதட்டிப் பழக்கிய தூக்கம். மற்ற எதில் கைவைத்தாலும் எங்கள் ஆட்கள் முணுமுணுப்போடு விட்டுவிடுவார்கள், இதில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. நான் வைத்தேன். ஊழியர் நலனுக்காக ஊழியர் தூக்கத்தைப் பிடுங்கிய பெருமை உலகத்தில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.

முதலில் வந்தவர் உணவு நிபுணர். சர்க்கரையின் கெடுதல் பற்றிப் பேசினார். யாரும் வரமாட்டார்கள் என்று பயந்து, வருகிறவர்களுக்குப் பன்றி வறுவல் சோற்றுப் பெட்டியும் பபுள் டீயும் இலவசம் என்று அறிவித்திருந்தேன். கூட்டம் அலைமோதியது. அவர் ஒரு கோப்பை பபுள் டீயில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று கண்ணாடிக் குவளையில் கொட்டிக் காட்டினார். கூடம் முழுக்க ஜவ்வரிசி உருண்டை உறிஞ்சும் சத்தம் ஒரு நொடி நின்றது. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"தாவ் அக்கா, எங்க எல்லாரையும் ஒரே நாள்ல மேல அனுப்பிடலாம்னு பாத்தீங்களா?" என்று கேட்டாள் பேக்கிங் பிரிவு யிங்-யாவ். கேட்டுவிட்டு மிச்சத்தை உறிஞ்சினாள்.

அடுத்து வந்தவர் தோள்வலி நிபுணர். அவர் படம் காட்டுவதற்காக நான் விளக்கை அணைத்தேன். எங்கள் ஆட்களுக்கு மதியத்தில் விளக்கு அணைந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். தோள்பட்டை எலும்பு திரையில் வருவதற்குள் வரிசை வரிசையாகத் தலை சாய்ந்தது. போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர் குறட்டையைத் தொடங்கிவிட்டார்.

வான்-ஃபாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதே தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். குறட்டையால் வந்த பட்டப்பெயர் கம்ப்ரசர். மெஷின்களுக்குக் காற்றை அமுக்கித் தரும் எங்கள் நிஜக் கம்ப்ரசர் மாதிரியே திடீரென்று நிற்பார், திடீரென்று உதறிக்கொண்டு தொடங்குவார். 'கம்ப்ரசர் ஓடுது, வேலைக்குக் குறைவில்ல' என்பது எங்கள் ஆட்களின் மதிய வேடிக்கை. மகன் வேலைக்காகத் தைப்பே போனதும் நான் அவன் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். அதை ஏதோ ஆரோக்கிய ரகசியம் மாதிரி பெண்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தோள்வலி நிபுணர் இருட்டில் தன் கழுத்தைத் தானே பிடித்துவிட்டுக்கொண்டு நின்றபோது முதலாளி உள்ளே வந்தார்.

"அடுத்த தடவையும் இப்படித் தூங்கினாங்கன்னா இத்தோட நிறுத்திடு. அந்தச் செலவுக்கு ஆளுக்கொரு துண்டு வாங்கிக் குடுத்துடலாம்."

"சாவுக்கு வந்தவங்களுக்குத்தானே துண்டு குடுப்பாங்க? சாவு வீடு மாதிரி இருக்கும் முதலாளி."

"இப்ப மட்டும் எப்படி இருக்காம்?"

நிறுத்தியிருந்தால் எல்லோரும் எனக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆனால் மைக்கைத் தட்டி "கேக்குதா? பின்னால கேக்குதா?" என்று கேட்கும் சுகம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இத்தனை வருஷம் காகிதமும் துடைப்பமும் வாங்கிப்போட்டவளுக்கு அது பெரிய மேடை. அதை விட மனமில்லை. மூளையைக் கசக்கி ஒரு தந்திரம் செய்தேன். மூன்றாவது பேச்சுக்கு மருத்துவமனையிலிருந்து தூக்கத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு நர்சை வரவழைத்தேன். தூக்கத்தைப் பற்றிய பேச்சில் தூங்க எவனுக்கும் வெட்கமாக இருக்கும் என்பது என் கணக்கு.

அன்று காலையிலேயே என் ஏற்பாடுகளில் பொறி பறந்தது. புரொஜெக்டர் மக்கர் செய்யாமல் இருக்க அதன் தலையில் பச்சைப் பாக்கெட் சோளப்பொரி வைத்தேன்; பச்சைப் பாக்கெட் வைத்தால் எந்த மெஷினும் சொன்னபடி கேட்கும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. கட்டிய கணவரை முன்வரிசையில், கிள்ள எட்டுகிற தூரத்தில் உட்காரவைத்தேன்.

"இன்னிக்கு நீ மட்டும் கண்ண மூடின, வீட்டுல சோறு கிடையாது."

"நான் எப்ப தூங்கினேன்? கண்ண மூடி யோசிக்கறேன்."

"யோசிக்கறதுக்கு எதுக்கு அவ்வளவு சத்தம்?"

பேச வருகிற யாரையும் இங்கே டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்; வந்த நர்ஸ் பான் டீச்சர் சின்ன உருவம். தோளில் ஒரு துணிப்பை. கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோர் அக்குளிலும் இடுக்கியிருந்த தலையணைகளைப் பார்த்தார்.

"இது நீங்க தூங்கற நேரமா?"

"ஆமா டீச்சர். தாவ் அக்கா பிடுங்கிட்டாங்க," என்றாள் யிங்-யாவ். இப்படிப்பட்ட சமயத்தில் அவள் வாய் சும்மா இருக்காது.

"அப்போ முதல்ல தூங்குங்க. முழிச்சதும் பேசிக்கலாம்." சொல்லிவிட்டு அவரே போய் விளக்கை அணைத்தார்.

எனக்கு மயக்கம் வராத குறை. எல்லாத் தலையும் ஒன்றாகக் கவிழ்ந்தது. முன்வரிசையில் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் குனிந்தபடி போய் அவர் தொடையைக் கிள்ளக் கை நீட்டினேன். பான் டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க. நான் இதக் கேக்கணும்."

"மன்னிச்சுக்கங்க டீச்சர். என் வீட்டுக்காரர்தான். கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும், அப்புறம் நிம்மதி."

சொல்லி வாயை மூடுவதற்குள் நின்றது. "பாத்தீங்களா?" என்றேன், ஏதோ நானே நிறுத்தியது போல.

டீச்சர் சிரிக்கவில்லை. "ஏன் நின்னுச்சு?"

"நல்லாத் தூக்கம் பிடிச்சிருக்கும்."

அவர் என் கையை இழுத்து, புறங்கையை வான்-ஃபாவின் மூக்கடியில் வைத்தார். காற்றே இல்லை. முதுகு மட்டும் ஏதோ முட்டுவது போல ஏறி இறங்கிற்று. மூச்சு வரவில்லை. வரவேயில்லை. நான் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்குகிறவர் மாதிரி ஓர் உதறல், ஒரு பெரிய சீறல். கம்ப்ரசர் மறுபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் நின்றது.

அந்த அமைதிக்காகத்தான் இத்தனை வருஷமாக பூமிசாமிக்கு ஊதுபத்தி கொளுத்தினேன். அவர் மூச்சு நின்றபோதெல்லாம் அப்பாடா என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதுவும் போதாமல் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தொழிற்சாலையில் அத்தனை பேரும் கேட்டுச் சிரித்த சத்தம் அது. வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் அது நின்றது காதில் விழுந்தது. அவரைப் பிடித்து உலுக்கினேன், மறுபடி மூக்கடியில் கையை வைத்துப் பார்த்தேன், அழுதேன்.

"நான் தூங்கல," என்றார் அவர் கண்ணைத் திறக்காமல்.

முதலாளி உள்ளே வந்தது அப்போதுதான். கூடமே தூங்குகிறது, பேச வந்தவர் இருட்டில் நிற்கிறார், அமைப்பாளர் ஃபோர்க்லிஃப்ட் டிரைவரின் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"என்னதான் நடக்குது இங்க?"

பான் டீச்சர் சொன்னார். ராத்திரி முழுக்க இப்படித்தான் இருக்கும், இதயத்துக்கு நல்லதல்ல, பகலில் கண் சொக்கும், இந்தக் கண்ணோடுதான் இரும்பு ஏற்றி வண்டி ஓட்டுகிறார் என்றார். அதற்குள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர் படம் எதுவும் காட்டவில்லை. "வீட்டுக்குப் போயி பக்கத்துல படுத்திருக்கறவங்க மூச்ச ஒரு தடவ கேளுங்க" என்பதுதான் பேச்சின் சாரம். என் ஆட்கள் ஒருவர்கூடத் தூங்காமல் கேட்ட முதல் பேச்சு அது. மைக்கைத் தட்ட நான் மறந்திருந்தேன்.

முதலாளி அன்றே வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். வான்-ஃபா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "உன் டீச்சரால என் வண்டி போச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். திட்டட்டும், திட்டுவதற்கு மூச்சு வேண்டுமே என்று இருந்துவிட்டேன். பிறகு மருத்துவமனையில் படுக்கவைத்துப் பார்த்தார்கள், முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்று இயந்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன்மேலும் நான் பச்சைப் பாக்கெட் வைத்திருக்கிறேன். கண் சொக்கல் போனதும் சாவி திரும்பி வந்தது. பேச்சு வேலை நேரத்துக்கு மாறியது. இப்போது மெஷின் நிற்கிறது, முதலாளி பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

வான்-ஃபா அந்த இயந்திரத்தைச் சோற்றுப் பெட்டி மாதிரி தொழிற்சாலைக்கும் தூக்கி வருகிறார். மதியத்தில் கூடம் நிசப்தமாக இருக்கிறது. கம்ப்ரசர் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று யிங்-யாவ் என்னிடமே புகார் சொன்னாள். எனக்கும்தான் வரவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன். சந்தேகம் வந்தால் தோளைத் தொடுவேன். அவர் முகமூடிக்குள்ளிருந்து முனகுவார்.

"ஏய், இருக்கேன். தூங்கு."

போன வாரம் ஒரு நாள் உண்மையிலேயே தூங்கிப்போனேன். கம்ப்ரசர் மறுபடி ஓடியது என்றும், சத்தம் வந்தது என் நாற்காலியிலிருந்து என்றும் யிங்-யாவ் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் விழித்தபோது வான்-ஃபா தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் புறங்கை என் மூக்கடியில் இருந்தது.