முடிக்கத் தெரியாத கிட்டார்க்காரன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், என் நாற்பத்திரண்டு வயதில், கிட்டார் பழகினேன். துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரர் ஒருவர் ப்ளூஸ் என்ற அமெரிக்கச் சோகப் பாட்டு வாசிக்க, செவன்த் கார்டு என்று ஒரு சுரக்கூட்டு காட்டினார். விரல்பிடியை மாற்றாமல் மேலும் கீழும் நகர்த்தினால் எந்தச் சுருதிக்கும் பொருந்தும். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தெருவில் வித்துவான் என்று அளந்துவிட்டிருந்தேன்.

சங்கு குளிக்கப் போன பக்கத்து வீட்டு அந்தோணி கரை திரும்பவில்லை. பத்து நாள் தேடிவிட்டு, இனி வரமாட்டான் என்று வீட்டில் செபம் வைத்தார்கள். என்னை வாசிக்கச் சொன்னார்கள்.

அவன் மனைவி மரியா பாட்டை எடுத்தாள். நான் தொடங்கிய சுருதி எங்கோ, அவள் குரல் எங்கோ. பிடியை நகர்த்தி நகர்த்தி ஒருவழியாக அவளை எட்டினேன். ஆனால் செவன்த்தில் நிறுத்தினால் பாட்டு முடிந்த மாதிரியே இருக்காது. முடிக்கிற கார்டு எனக்குத் தெரியாது.

"என்னவே, பாட்டு அந்தரத்துல நிக்கி? முடிச்சு வையும்வே" என்றார் செபம் நடத்திய உபதேசியார்.

நான் அதே பிடியைத் திரும்ப மீட்டினேன். மரியா என் கையைப் பார்த்தாள்.

"முடிச்சிராதீய அண்ணாச்சி. அவிய இன்னும் வரலைல்லா."

என் அறியாமையை அவள் இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பாட்டை அப்படியே விட்டு எழுந்தேன். முடிக்கும் கார்டைப் பிறகு கற்றுக்கொண்டேன். அவள் காதில் விழும்படி இன்றுவரை அதை வாசித்ததில்லை.