கெம்பண்ணா கேட்டது பம்புக்கு எண்ணெய்

கெம்பண்ணா இன்று காலை போய்விட்டார். ஓசூர் பக்கம் பேரிகையிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்...

மெதுவாகத்தான் வருகிறது. போன வருஷம்தான் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றேன். அவர் பேரை எழுதக் கொம்பை முதலில் போட வேண்டும் என்று தெரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஓசூரில் ஒரு உணவுக் கம்பெனி. பாக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை இழுக்கிற வேக்குவம் பம்புதான் எங்கள் வேலை. அவர் ஃபிட்டர், நான் ஹெல்பர்.

குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சிவப்பாக வட்டம் விழுந்தால்தான் திருப்தி. "மீட்டர மேனேஜர் பாக்கட்டும்டா. எனக்கு என் கையி போதும்."

ஒரு நாள் பம்புக்குள் தண்ணீர் இறங்கி, எண்ணெய் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. புது மேனேஜர் பெங்களூர்க்காரர். கெம்பண்ணா அவருக்குப் போன் போட்டு, எண்ணெய் வேண்டும், இல்லாமல் ஓடாது என்று கன்னடத்தில் சொன்னார். "சார், எண்ணெ பேக்கு. எண்ணெ இல்தே ஓடல்ல."

பெங்களூர்ப் பேச்சில் எண்ணெ என்றால் சரக்கு...

டூட்டியில் குடிக்கக் கேட்டார் என்று மெமோ வந்தது. ஆபீஸ் ஆள் என்னிடம் ஒரு பேப்பரை நீட்டினான். "ஆயில் மாத்தறதுக்குப்பா, ரேகை வையி."

வைத்தேன். கெம்பண்ணா குடித்திருந்தார் என்று நான் சொன்ன சாட்சியாம் அது.

"மன்னிப்பு எழுதிக் குடு, உள்ள விடறோம்" என்றார்கள். "எண்ணெ கேட்டது பம்பு. பம்பையே எழுதித் தரச் சொல்லுங்க" என்று கம்பெனி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்.

நாலாம் நாள் பம்பு இறுகிப்போய் லைனே நின்றது. கூப்பிட்டு வர வீட்டுக்குக் கார் அனுப்பினார்கள். அவர் நடந்துதான் வந்தார்.

நான் ரேகை வைத்த பேப்பரை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. ஃபைலிலேயே கிடந்தது. கடைசி வரை அவரை சூப்பர்வைசர் ஆக்கவில்லை.

அந்த ரேகையைச் சொல்லி அவரிடம் அழுதேன். "உனக்கு எழுத்து தெரியாது, அந்த மேனேஜருக்கு பம்பு தெரியாது. விடுடா, ஃபில்டர எடு" என்றார்.

இன்று சாவு வீட்டில் பழைய ஆபீஸ் ஆள் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "எண்ணெ கெம்பண்ணாவா... குடிச்சே போயிட்டாரா?"

அந்த ஆபீஸ் ஆள் படிக்கத்தான் இதை எழுதுகிறேன். கெம்பண்ணா அன்று குடிக்கவில்லை. கேட்டது பம்புக்கு. அந்த ஃபைல் யாரிடமாவது இருந்தால் இதைப் பிரிண்ட் எடுத்து அந்தப் பேப்பர் மேலேயே பின் அடித்து வையுங்கள்.

சாட்சி: சவரிமுத்து, ஹெல்பர். நானே எழுதியது.

போயிட்டு வாங்கண்ணா.