இரும்பு வேண்டாம் என்று கேட்டேன்

மாரியம்மனை நம்பி வாழ்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன். எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. விருதுநகர்க்காரன். சிவகாசிக்குப் போகிற வழியில் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி நடத்துகிறேன். மூன்று வருடங்களுக்கு முன்னால் இடது இடுப்பு மூட்டு தேய்ந்து, கட்டிலிலிருந்து பாத்ரூம் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பொய் சொல்லவில்லை, சத்தம் போட்டே அழுதேன்.

நடந்தே பழகிய ஆள் நான். கல்யாணமான புதிதில் நானும் என் மனைவி முத்துலட்சுமியும் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்கு நடந்தே போவோம். படம் முடிந்ததும் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, பஜார் வழியாகப் பேசிக்கொண்டே வருவோம். என்ன பேசினோம் என்று ஒன்றும் ஞாபகமில்லை. அவள் கொலுசுச் சத்தமும், சாத்திய கடைகளிலிருந்து வரும் மல்லி, வற்றல் வாசனையும்தான் ஞாபகம். கட்டிலில் கிடந்த நாட்களில் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன்.

கம்பெனியிலும் நடைதான். எங்கள் தொழிலில் ஷெட்டுகளைத் தள்ளித் தள்ளித்தான் கட்ட வேண்டும். வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் உள்ளே வண்டியில் சுற்ற முடியாது. காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, வெறுங்காலோடு எல்லா ஷெட்டையும் பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

மதுரையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, மூட்டை மாற்றிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். எதை வைத்து மாற்றுவீர்கள் என்று கேட்டேன். உலோகம் என்றார். அதற்கு மேல் அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

எங்கள் பிழைப்பு தெரிந்தவர்களுக்கு என் பயம் புரியும். கம்பெனி கேட்டில் சாவிக்கொத்து, போன், சேலையில் குத்துகிற ஊக்கு என்று எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும். இரும்பு உரசினால் பொறி வரும். மருந்து ரூமில் மரமும் பித்தளையும்தான் புழங்கும். முப்பது வருடமாக இதைச் சொல்லி எல்லோரையும் விரட்டிய நான், உடம்புக்குள்ளேயே இரும்பை வைத்துக்கொண்டு எப்படி உள்ளே போவேன்? கேட்டோடு என் வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன். இதை டாக்டரிடம் கேட்கவும் வெட்கம்.

ஒரு வருடம் எண்ணெய், ஒத்தடம், பத்தியம் என்று ஓட்டினேன். வெள்ளி தவறாமல் அம்மனிடம் ஒரே வேண்டுதல்தான். "அம்மா, இரும்பு வைக்காமல் என்னை நடக்க வை." வலி கூடிக்கொண்டே போனது. தீபாவளி சீசனில்கூடக் கம்பெனிப் பக்கம் போகவில்லை. போர்மேன் பொன்னுச்சாமி வீட்டுக்கு வந்து நிலவரம் சொல்லிவிட்டுப் போவார். நான் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்து கேட்பேன். அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று மனதுக்குள் குமுறினேன்.

அடுத்த ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, முத்துலட்சுமி என்னை ஆட்டோவில் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். சன்னதிக்கு எதிரே தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, வழக்கமான வேண்டுதலை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதுவரை என் மனதில் இருந்தது அவளுக்குத் தெரியாது. கேட்டவுடன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுக்காகவா ஒரு வருசமா இம்புட்டு வேதனயத் தாங்குனீக? அங்கன பாருங்க. அம்மா கையில இருக்க சூலம் இரும்புதான? அவளுக்கே ஆகாததா அது? போயும் போயும் அவகிட்டயே இரும்பு ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறீகளே."

நிமிர்ந்து பார்த்தேன். தீபாராதனை வெளிச்சத்தில் சூலம் மின்னியது. எத்தனையோ வருடமாகப் பார்த்த சூலம்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் கேட்டதற்கு அம்மன் பதில் சொல்லவில்லை என்று நினைத்திருந்தேன். பதில் கண் முன்னாலேயே நின்றிருக்கிறது.

மறுவாரமே மதுரைக்குப் போய் டாக்டரிடம் மனம் விட்டுக் கேட்டேன். அவர் கேலி செய்யவில்லை. அது நாம் நினைக்கிற இரும்பு இல்லை, வேறு உலோகம், எலும்போடு எலும்பாகச் சதைக்குள் இருப்பது, எதன் மேலும் போய் உரசாது என்று பொறுமையாக விளக்கினார். தொழிற்சாலைப் பாதுகாப்பு தெரிந்த ஓர் அதிகாரியிடமும் கேட்டுத் தெளிந்தேன். தீபாவளி முடிந்து கம்பெனிக்கு லீவு விடுகிற நாட்களில் ஆபரேஷன் என்று முடிவானது.

அதுவரை சும்மா இருக்க விடவில்லை. சர்க்கரையைக் குறைக்க வேண்டும், சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும், படுத்தபடியே தொடைக்குப் பயிற்சி செய்ய வேண்டும். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் கட்டினோம். கால் தடுக்கும் என்று மிதியடிகளைச் சுருட்டி வைத்தாள் முத்துலட்சுமி. கட்டிலுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினோம். கிளம்புகிற அன்று, பேக்கிங் ஷெட் பெண்கள் கொடுத்தார்கள் என்று பொன்னுச்சாமி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பட்டாசு லேபிளில் மடித்த அம்மன் குங்குமம். எனக்காக அந்தப் பெண்கள் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்தார்களாம்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். காது மட்டும் மரக்கவில்லை. டொக் டொக் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. எங்கள் ஆட்களுக்கு உலகத்திலேயே ஆகாத சத்தம் அது. கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, உன் சூலத்தைத்தான் ஊன்றுகிறாய், ஊன்று" என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். பயம் போய்விட்டது. எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வெட்டிய இடம் வலித்தது, ஆனால் பழைய வலியைக் காணோம். வீட்டுக்கு வந்தபின் முத்துலட்சுமி ஹெட்மாஸ்டர் ஆகிவிட்டாள். கீழே உட்காரக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. தூங்கும்போது கால்களுக்கு நடுவே தலையணை. கோபத்தில் ஒருநாள் தலையணையைத் தூக்கி எறிந்தேன். அவள் அதை எடுத்து வந்து மறுபடி வைத்தாள்.

தை மாதம் வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. ரப்பர் அடி வைத்த மரத்தடி. மாசியில் கம்பெனிக்குப் போனேன். பொன்னுச்சாமி எல்லோரையும் போல என்னையும் கேட்டில் சோதித்து உள்ளே விட்டார். "மெதுவா வாங்க அண்ணாச்சி, எல்லாரும் ஒங்களத்தான் எதிர்பாத்துக் கெடக்காக" என்றார். கடைசி ஷெட் வரை போனேன். உள்ளங்காலில் மண் பட்டபோது கண் நிறைந்துவிட்டது.

எங்கள் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு முந்தின நாள்தான் முத்துலட்சுமி சொன்னாள். நான் ஆபரேஷன் தியேட்டருக்குள் போன நேரத்தில் அவள் அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறாள். கல்யாணம் முடிந்து இத்தனை வருடத்தில் அவள் தனக்கென்று எதுவும் நேர்ந்து நான் பார்த்ததில்லை. இதுவும் எனக்குத்தான். மறுநாள் மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலைக்கு மேல் சட்டியை ஏந்தி, "ஆஹோ அய்யாஹோ" என்று கூட்டத்தோடு வந்தாள். தார் ரோடு கொதித்தது. தெருக்காரர்கள் செம்பில் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொடுக்க, அவள் பாதம் சுடாமல் இருக்க நான் முன்னால் ஊற்றிக்கொண்டே நடந்தேன். கோயில் வாசல் வரைக்கும் நடந்தேன்.

இன்றைக்கு நான் வேண்டுகிற விதமே மாறிவிட்டது. வலியில் கிடக்கிறவர்களே, அம்மாவிடம் கேளுங்கள், கட்டாயம் தருவாள். ஆனால் எதை வைத்துத் தர வேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அதனால் முத்துலட்சுமியோடு சேர்ந்து நடந்திருக்க வேண்டிய ஒரு வருடம் போயே போய்விட்டது.