பத்து நாளைக்கு ஒரே பாட்டில்

மைசூரில் டி.என்.ஏ. என்று முதன்முதலில் கரும்பலகையில் எழுதியவள் நான்தான். சரி, மிகைதான், எங்கள் பள்ளிக்கூடத்து இரண்டாவது மாடியில் முதல் ஆள். ஆனால் கேரலைப் பற்றிச் சொல்லப்போவதில் மிகையே கிடையாது.

என் பழைய மாணவி கேரல், ரிங் ரோடு ஓரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினோரு வருடமாக மனித ஸ்டெம் செல்களை வளர்க்கிறாள். ஒப்பந்த வேலை. கிறிஸ்துமஸ் அன்றும் தட்டுகளில் புதுத் திரவம் ஊற்றிவிட்டுத்தான் பூசைக்குப் போவாள்.

அந்தச் செல்களின் டி.என்.ஏ. மேல் மீத்தைல் என்று பொடிப்பொடிப் பூட்டுகள். எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா கிடக்க வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பெரும் பங்கு. பூட்டுகிற நொதி வேறு, திறக்க உதவுகிற நொதி வேறு. திறக்கிறவனுக்குத் தெம்பு வைட்டமின் சி. அதுவோ திரவத்தில் கலந்தால் சீக்கிரமே வீரியம் இழந்துவிடும். அதனால் கேரல் தினமும் புதிதாகக் கலந்து, பாட்டிலில் தேதி எழுதுவாள்.

தங்கை கல்யாணத்துக்காகப் பத்து நாள் சொந்த ஊரான மார்டள்ளிக்குப் போனபோது, தட்டுகளை ஆராய்ச்சி மாணவன் ஸுமந்திடம் ஒப்படைத்தாள். திரும்பி வந்தால் மெமோ! செல்களில் பூட்டுகள் கண்டபடி ஏறிவிட்டனவாம், அவளுடைய அலட்சியமாம், ஒப்பந்தம் நீட்டிக்கப்படாதாம். ஊரிலேயே இல்லாதவளின் அலட்சியம்! படித்த பிள்ளையை ஒரு கேள்வி கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கேரல் குளிர்பெட்டியைத் திறந்தாள். பாதி காலியான பாட்டில். ஸுமந்தின் கையெழுத்தில் தேதி: அவள் ஊருக்குப் போன நாள்.

“தினம் கலக்கணும்னு சொல்லிட்டுத்தானே போனேன்?”

“ஒரு வைட்டமின்தானேன்னு நெனச்சேன், அக்கா.”

பத்து நாளைக்கும் சேர்த்து ஒரே கலவை, தோசை மாவு மாதிரி! தான் ஊருக்குக் கிளம்பும் முன் உறைய வைத்த செல்களையும் பாருங்கள் என்று தலைமை விஞ்ஞானியிடம் சொன்னாள். பார்த்தார்கள். அவற்றில் பூட்டுகள் ஒழுங்காக இருந்தன.

பாட்டிலை மேசையில் ஓங்கி வைத்தாள். மைக்ராஸ்கோப்புகள் ஒரு முழம் எம்பின. ஸுமந்த் காலில் விழுந்தான். தலைமை விஞ்ஞானி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டு, மெமோவைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டினேன். எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த கேரல் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“டீச்சர், யாரும் கால்ல விழல. மன்னிப்பும் கேக்கல. ‘சரி, இன்னொரு வருஷம் இரு’ன்னாங்க, அஷ்டே, அவ்வளவுதான். நான்தான் அழுதுட்டேன். அப்புறம் அன்னிக்குத் திரவம் கலக்க நேரமாச்சுன்னு போயிட்டேன். மெமோ இன்னும் ஃபைல்லதான் இருக்கு.”