மாப்பிள்ளைக்கு வாங்கிய மின்விசிறி

குளிருக்குப் பேர்போன எங்கள் மலையூர் அட்டனில் மின்விசிறி வாங்கிக்கொண்டு வீதியில் நடக்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். போன கிழமை நான் நடந்தேன். பெட்டியின் மேல் படம் வேறு பெரிதாக இருந்தது. "என்னங்க, கொழும்புக்குக் குடி போறீங்களா?" என்றார் பஸ் நிலையத்தில் ஒருவர்.

வீட்டில் பெட்டியைப் பிரித்ததும் புதுப் பிளாஸ்டிக் வாசனை. அதே வாசனையை முதன்முதலில் கொழும்பு கொட்டாஞ்சேனையில்தான் முகர்ந்தேன். என் தங்கை செல்விக்கு மாப்பிள்ளை பார்க்க அம்மாவும் நானும் போனபோது, எங்களுக்காகவே புது விசிறி ஒன்றை ஓடவிட்டிருந்தார்கள். அப்படியும் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "இந்த வேக்காட்டுலயாடா புள்ளைய குடுக்கிறது?" என்று என் காதைக் கடித்தார். பிறகு மாப்பிள்ளையிடமே, "வருசா வருசம் சித்திரைக்குப் புள்ளைய அனுப்பணும்ங்க" என்றார். "நானும் சேர்ந்தே வர்றேன் அத்தை, எனக்குக் குளிர்னா உசிரு" என்றார் அவர். கல்யாணம் அங்கேயே முடிவானது.

சொன்ன சொல் தவறவில்லை. விடியற்காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் மாப்பிள்ளை வாயால் ஊதிப் பார்ப்பார். புகை வந்தால்தான் பெட்டியைத் தூக்குவார். அம்மா விறகு மூட்டி வெந்நீர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். மாப்பிள்ளையோ பாச்சை உருண்டை மணக்கும் எங்கள் கம்பளியை விட்டு வெளியே வர மாட்டார். வந்த அன்று ஒரு குளியல், போகிற அன்று ஒரு குளியல், அவ்வளவுதான். செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் சித்திரையை எதிர்பார்த்திருப்பேன்.

அம்மா போன பிறகும் வந்தார்கள். அதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது. எதிர்ச் சரிவில் மரங்கள் போய் நாலு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. வீதியோரத்தில் பச்சையாக எதுவும் மிஞ்சவில்லை. நான் மட்டும் சளைத்தவனா? தங்கை வசதியாகத் தங்கட்டும் என்று முற்றத்து மரத்தை வெட்டி, கொங்கிரீட் போட்டு, மாடியில் ஓர் அறை கட்டினேன். அது வெய்யில் காலத்தில் பேக்கரியில் ரொட்டி வேகும் போறணை மாதிரி ஆகிவிட்டது. கடைசியாக வந்தபோது மாப்பிள்ளை அதில் தங்கி, ஒரே நாளில் மூன்று முறை குளித்தார். "மச்சான், அங்கயாவது ஏசி இருக்கு. இனி நீங்க கொழும்புக்கு வாங்களேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போன சித்திரைக்கு அவர்கள் வரவில்லை.

அதனால்தான் இந்த விசிறி. மாட்டி முடித்த கையோடு செல்விக்குப் போன் எடுத்தேன்.

"மாடி ரூமுக்கு ஃபேன் வாங்கிட்டேன். இந்தத் தடவ வந்துருங்க."

"ஃபேன் இங்க ரூமுக்கு ஒண்ணு இருக்குண்ணே. அந்தக் கம்பளி இருக்கா?"

"இருக்கு."

"போத்திக்க முடியுமா?"

மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. அவளிடம் நான் பொய் சொல்லிப் பழகியதில்லை.