முதல் கிளாஸ்

"கஷாயத்தைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே, அம்மாடி." ஆஸ்பத்திரி வாசலில் மாமா அப்படிச் சொல்லித்தான் அவளை உள்ளே அழைத்துப் போனார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு டாக்டரின் மொழி தெரியாது. இரண்டும் படித்த அக்கா மகள் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று.

ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்றார் டாக்டர். அவள் அதைச் சொன்னாள்.

"ஓடியாடி உழைக்கிறவனுக்குக் கொழுப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளு."

"உங்க வயித்தைக் காட்டிக் கேக்கட்டுமா, மாமா?"

மாமா வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார். சாப்பாட்டைக் குறைத்து நன்றாக நடந்தால் கொழுப்பு கரையும் என்ற டாக்டர், ரத்தப் பரிசோதனைதான் சரியில்லை, ஈரல் புண்பட்டிருக்கிறது என்றார். குடி உண்டா, மாத்திரை உண்டா என்று கேட்டார். இரண்டும் இல்லை.

பிறகு அவர் கேட்டதை அவள் உடனே சொல்லவில்லை.

"என்னவாம்?"

"மூலிகை ஏதாவது சாப்பிடுறீங்களாங்கிறார்."

"அது மருந்தில்ல, பானம்னு சொல்லு."

அவள் டாக்டரிடம் கஷாயத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சில மூலிகைகளே ஈரலைக் கெடுக்கும், இது அதில் சேர்ந்ததா என்பது நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும், அடுத்த பரிசோதனை வரை ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார் டாக்டர்.

"ஒரு சொட்டுகூடவா?" என்றார் மாமா.

தெருவில் அவருக்குப் பெயரே 'கஷாயம்'தான். லாரி ஓட்டிய காலத்தில் காமாலை வந்து பிழைத்தவர். பிழைக்க வைத்தது கீழாநெல்லிதான் என்று நம்பி, அதோடு இன்னும் பல வேர்களைச் சேர்த்துக் காய்ச்சிக் கடை போட்டார். 'ஈரல் காக்கும் கஷாயம்' என்று பலகை. அண்டாவின் குழாயிலிருந்து வரும் முதல் கிளாஸ் அவருக்கு. வாடிக்கையாளர்கள் முன்னால் மடக்மடக்கென்று குடித்து, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டுவார்கள். அவள் படித்த இரண்டு மொழியும் அந்த அண்டாவிலிருந்து வந்தவைதான். காலையில் கஷாயம் காய்ச்சுபவளும் அவளே.

மறுநாள் அவர் கிளாஸை வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றார்.

"என்ன கஷாயம், உன் சரக்கு உனக்கே கசக்குதா?" என்றார் பேக்கரிக்காரர். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சூடுய்யா. உன் பன்னு மாதிரி ஆறிப்போனதா விக்கிறேன்?"

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்பார்களே, அதை அவள் அன்று கண்ணால் பார்த்தாள். கடைசியில் விழுங்கினார். கிளாஸைக் கவிழ்த்தார். பேக்கரிக்காரர் கை நீட்டினார்.

சில வாரங்கள் இப்படியே போயின. ஒரு நாள் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை விழியில் மஞ்சள்.

"நிறுத்திடுங்க, மாமா."

"நான் நிறுத்தினா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். யார் குடிப்பா?"

அவர் அடுப்பறைக் கதவைச் சாத்தினார். அவள் முகத்தைப் பார்க்காமல் அண்டாவின் மூடியைச் சரிசெய்தார்.

"நாளையிலேருந்து என் கிளாஸ்ல மட்டும் பாலில்லாத டீயை ஊத்திடு, அம்மாடி. நிறம் ஒண்ணாத்தான் இருக்கும்."

"அவங்க கிளாஸ்ல, மாமா?"

மூடி ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் அதையே திருப்பினார்.

"என் கிளாஸ்ல மட்டும்."