அத்தை தேடிய ஐரிஷ் பெயர்

என் தம்பிக்குக் கல்யாணமான செய்தியை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். துபாயில் வேலை பார்க்கும் வேறு வேறு நாட்டு ஜோடிகள் விமானம் ஏறிப் போய்க் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளும் ஜார்ஜியா நாட்டில், ஏதோ ஓர் அலுவலக வாசலில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் செம்பட்டை முடியும் முகமெல்லாம் புள்ளிகளுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவன். திருநெல்வேலியிலிருந்து துபாய்க்கு அவனைக் கூட்டி வந்தவளும் நான்தான். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அது உச்சந்தலைக்கே ஏறிவிட்டது. அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. நான் கராமாவில், யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியோடு ஒரே ரூமில் இருக்கிறேன். அவர்கள் ஷார்ஜா முவைலாவில். நடுவில் இருப்பது ஒரு டிராஃபிக் நெரிசல், அவ்வளவுதான். தம்பி மனைவி அயர்லாந்துக்காரி, பள்ளிக்கூட டீச்சர், வகுப்பறை ஏசியை ரிப்பேர் பார்க்கத் தம்பி போன இடத்தில் பழக்கம் என்பதெல்லாம் ஊர்க்காரர்கள் வழியாக என் காதுக்கு வந்துகொண்டிருந்தது. நான் கேட்காமலே சொல்வார்கள். பையன் பிறந்ததையும் அப்படித்தான் சொன்னார்கள். ‘அப்படியா, சந்தோஷம்’ என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

குழந்தைக்கு ஒன்பதாம் நாள், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. நான் அல் கூஸில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்யும் பட்டறையில் டிசைனராக இருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். எடுத்தவுடன், “மைனி” என்றது ஒரு குரல். எங்கள் பக்கம் புருஷனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த ஒரு வார்த்தையை எத்தனை நாள் பழகினாளோ, சுத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம்தான்.

“குழந்தைக்கு இன்னும் பெயர் இல்லை. உங்கள் வழக்கப்படி அப்பாவின் அக்காதான் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அதனால் நாங்கள் ஒன்றும் முடிவு செய்யவில்லை. உங்களுக்காகக் காத்திருக்கிறோம்” என்றாள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வழக்கம் அது இல்லை. பெயரை முடிவு செய்வது தாத்தா, அப்பா, ஜோசியர் என்று பல பேர். எல்லாம் முடிந்த பிறகு, பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று தடவை அந்தப் பெயரைச் சொல்வதுதான் அத்தையின் வேலை. மைக்கைப் பிடித்து அறிவிப்பவளுக்கும் விழா நடத்துபவருக்கும் உள்ள வித்தியாசம். இதை நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பது நாளாக ஒரு பிள்ளை பெயரில்லாமல் எனக்காகக் காத்திருக்கிறான் என்றதும், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. என்னிடம் கேட்காமல் கல்யாணம் செய்தவர்கள் இப்போது கேட்கட்டும் என்ற எண்ணமும் கூடவே இருந்தது.

“சரி, பார்க்கிறேன்” என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தம்பியின் பெயர் எப்படியும் வந்துவிடும்; அது தமிழ். முன்னால் வருவது ஐரிஷ் பெயராக இருக்கலாமா என்று கேட்டாள். அவள் அம்மா எழுதிக்கொடுத்த பதினோரு பெயர்கள் இருக்கின்றன, அதிலிருந்து எடுத்தாலும் சரி, வெளியே தேடினாலும் சரி என்றாள். பதினாறாம் நாள் பெயர் சூட்டலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறானாம். எனக்கு ஒரு வாரம் இருந்தது.

அவள் போனில் அனுப்பிய அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கோபமே மறந்து போயிற்று. இப்படியெல்லாமா பெயர் வைப்பார்கள்! ஓஷீன் என்றால் மான்குட்டி. ரோனன் என்றால் சீல் என்கிற கடல் பிராணியின் குட்டி. ஃபேலான் என்றால் ஓநாய்க்குட்டி. ஏடன் என்றால் சின்ன நெருப்பு. பட்டியலே ஒரு மிருகக்காட்சி சாலை மாதிரி இருந்தது. ரூமில் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஓநாயோ? எடி விசரி, பச்சைப் பிள்ளைக்கு ஆரும் ஓநாயெண்டு பேர் வைப்பினமோ?”

“நம்ம ஊர்ல சிங்கம், புலின்னு வைக்கலயா?”

“அது வேற, இது வேற” என்றாள். எப்படி வேறு என்று கேட்டதற்கு, கத்தியை எடுத்து அடுத்த வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.

எனக்குக் கேள்வி முளைத்துவிட்டால் தூக்கம் வராது. மறுநாள் காலை பஸ்ஸிலிருந்தே தம்பி மனைவிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். உங்கள் ஊரில் யார் பெயர் வைப்பார்கள்? எதைப் பார்த்து வைப்பார்கள்? நட்சத்திரம் உண்டா? பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது. பின்னணியில் குழந்தையின் சிணுங்கல் கேட்டது. நட்சத்திரமெல்லாம் கிடையாதாம். ஆனால் பழைய நாளில் முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். அப்படியே எங்கள் கதைதான்! அதனால் ஓர் ஊரில் ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருப்பார்களாம். அடையாளம் தெரிய அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாவற்றையும் கோர்த்துக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் முடியின் நிறத்தை வைத்து என்றாள். எங்கள் தெருவிலும் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தார்கள், ஒருவர் நெட்டை, ஒருவர் சோடா, ஒருவர் போஸ்ட்மேன், நான்காமவர் வெறும் பெயர், அவருக்கு அதில் ரொம்பப் பெருமை என்று பதில் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டு அழ, மெசேஜ் பாதியில் நின்றது.

அதன் பிறகு ஒரு நாளைக்கு ஏழெட்டு மெசேஜ் ஓடியது. பெயரில் ஆரம்பித்து எங்கெங்கோ போகும். அங்கே மழை இல்லாத நாள் உண்டா? குழந்தை பிறந்தவளுக்கு என்ன சாப்பிடக் கொடுப்பார்கள்? டோஸ்ட்டும் டீயும் என்றாள். பெற்ற உடம்புக்கு டோஸ்ட்டா என்று தோழி பதறிப்போய், பிள்ளை பெற்றவளுக்கென்று ஊரில் இடித்து அனுப்பும் மருந்துச் சரக்குத்தூளில் ஒரு பொட்டலம் கட்டினாள். ‘இதைப் போட்டுக் கறி வைச்சுக் குடுக்கச் சொல்லும்’ என்றாள். என் தம்பி சமைப்பானா என்று யோசித்தேன். இரண்டு வருடத்தில் அவனுக்கு என்னவெல்லாம் தெரியும், என்னவெல்லாம் தெரியாது என்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. அது சுருக்கென்று குத்தியது.

பட்டறையில், மிச்சம் விழுந்த வினைல் ஷீட்டில் நான்கைந்து பெயர்களை வெட்டி, என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். எழுத்தாகப் பார்த்தால்தான் எனக்கு எதுவும் மனதில் ஏறும். பெஷாவரிலிருந்து வந்த வெல்டர் பாய் உள்ளே வந்தார். “யெ கிஸ் கா துகான் ஹை, பெஹன்?” என்று, இது யார் கடை என்று கேட்டார். கடை இல்லை பாய், என் தம்பி மகன் என்றேன். அவர் உடனே மாஷா அல்லாஹ் சொல்லி, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் வாசல் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். பெயர் என்றால் கூப்பிட்டதும் பிள்ளை ஓடிவர வேண்டுமாம். வாசலில் நின்ற லாரிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அந்தச் சோதனையில் மூன்று பெயர்கள் விழுந்துவிட்டன.

பட்டியலில் ஒன்று அச்சு அசல் தமிழ்ப் பெயர் போலவே ஒலித்தது. முதலில் அதன் மீதுதான் எனக்கு ஒரு கண். இரண்டு ஊருக்கும் பொருந்தும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆனால் யோசிக்க யோசிக்கப் பிடிக்காமல் போயிற்று. யாரும் எதுவும் கேட்காமலிருக்க ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா? அவன் அம்மா அயர்லாந்துக்காரி. அதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? இப்படி யோசித்தது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். இரண்டு வருடமாக ஒளித்து வைத்துக்கொண்டிருந்ததே நான்தான். ஊரில் யாராவது தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டால், வேலை வேலை என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

பதினான்காம் நாள், ரூமில் துணி மடித்துக்கொண்டே தோழியிடம் கேட்டேன். “காலையிலேர்ந்து ஒரு மெசேஜும் காணலியே, பால் குடிச்சிருப்பானா?” என்பதை, பட்டியலில் ஏழாவதாக இருந்த பெயரைச் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். நான் கவனிக்கவே இல்லை. அவள்தான் கவனித்தாள்.

“பிறகென்ன, நீர் பேரை வைச்சிட்டீர்” என்றாள்.

அதுவரை அந்தப் பெயரின் அர்த்தத்தைக் கூட நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை. ஆனால் வாய் அதைத்தான் எடுத்தது. நினைத்துப் பார்த்தால், இரண்டு மூன்று நாளாகவே மனசுக்குள் அவனை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் சரக்குத்தூளும் குட்டி வேட்டியுமாக முவைலா போய் இறங்கினேன். பஸ்ஸிலும் டாக்ஸியிலும் பயமாகவே இருந்தது. பெயரைப் பற்றி இல்லை. அவளை ஏமாற்றிவிட்டேனே என்றுதான். இல்லாத உரிமையை எடுத்துக்கொண்டு, ஒரு பிள்ளையை மேலும் ஏழு நாள் பெயரில்லாமல் வைத்திருந்தவள் நான். இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு அவளுக்குத் தெரியவரும். அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குப் போவேன்?

கதவைத் திறந்தது தம்பி. இளைத்திருந்தான். “வாக்கா” என்றான், என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். படுக்கையறைக் கதவு நிலையில், உடற்பயிற்சிக்காக மாட்டியிருந்த கம்பியில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தான். அவள் அதன் பக்கத்தில் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். புடவை என்று சொல்லலாம், அவ்வளவுதான். நான் நேரே சமையலறைக்குள் போய்த் தம்பியைக் கூப்பிட்டேன்.

“ஏல, ஒண்ணு சொல்லணும். அத்தை பேரு தேடணும்னு நம்ம வழக்கத்துல கிடையாது. தெரிஞ்சும் நான் சொல்லல. உன் பொண்டாட்டிய ஏமாத்திட்டேன்.”

அவன் தரையைப் பார்த்தான். “அவளுக்குத் தெரியும்க்கா.”

“என்னல சொல்லுத?”

“பிள்ள பொறக்க முந்தியே சொல்லிட்டேன். அத்தை காதுல சொல்லத்தான் செய்வா, பேரு நாமதான் பாக்கணும்னு. அவதான் வேண்டாம்னுட்டா. காதுல சொல்ல மட்டும் கூப்பிட்டா உங்க அக்கா வரமாட்டா, வந்தாலும் அஞ்சு நிமிசத்துல போயிருவா. பேரு தேடச் சொன்னா ஒரு வாரம் பிள்ளைய நெனைச்சுக்கிட்டே இருக்கணும்லா, பொறவு விட்டுட்டு இருக்க முடியாதுன்னா.”

நான் கூடத்துக்கு வந்தேன். அவள் முகம் சிவந்து, வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றாள். என்ன பேசியிருப்போம் என்று தெரிந்துவிட்டது போல. என்னையே ஏமாற்றியிருக்கிறாள். வழக்கம்போல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். இங்கே அரபியில் சொல்வது மாதிரி, மாஃபி. துளிகூட இல்லை. அழுகைதான் வந்தது. இரண்டு வருடத்தை வீணடித்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தொட்டிலுக்கு அழைத்துப் போனாள்.

அவன் விழித்துத்தான் இருந்தான். எங்கள் அப்பாவின் நெற்றி. புருவம் மட்டும் செம்பட்டை. குனிந்து, அந்தக் குட்டிக் காதில் பெயரை இரண்டு தடவை சொன்னேன்.

“சத்தமா சொல்லுக்கா, எங்களுக்கும் இன்னும் தெரியாதுலா” என்றான் தம்பி.

“இருல, மொதல்ல அவன் கேக்கட்டும்.”

மூன்றாம் தடவையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அதற்கு மேல் அத்தைக்குச் சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் நான் நிமிரவில்லை. பெயரைச் சொன்ன அதே காதில், “அத்தை இனிமே எங்கயும் போவ மாட்டேன்” என்றும் சொன்னேன்.